வடிவமைப்புப் பயிற்சியும் ஊராரின் தேவையும்

கல்விச்சாலைகளில் வடிவமைப்புக் கற்பிக்கப்படும் முறையில் ஒரு விசித்திரம் உண்டு. கட்டடக் கலை பயிலும் மாணவர் அட்டையில் வீடு கட்டுகிறார். சாமான் வடிவமைப்புப் பயில்பவர் நாற்காலி ஒன்றை வரைகிறார். நெசவு பயில்பவர் சேலைக்கரையும், அச்சுக்கலை பயில்பவர் சுவரொட்டியும் தயாரிக்கின்றனர். பருவ முடிவில் யாவும் மேசைகள்மீது வரிசையாக வைக்கப்பெறுகின்றன. ஆசிரியர் மதிப்பெண் இடுகிறார். மறுவாரம் அவை பரணுக்குப் போகின்றன. அந்த நாற்காலியில் எவரும் ஒரு நாள்கூட உட்கார்ந்து பார்த்ததில்லை. ஆயினும் அது நல்ல நாற்காலி என்று தீர்ப்பாகிவிடுகிறது.

இம்முறை நம் நாட்டு வடிவமைப்புக் கல்வியின் தொடக்க நோக்கத்துக்கே மாறானது. மத்திய அரசின் அழைப்பின்பேரில் இந்தியாவுக்கு வந்த அமெரிக்க வடிவமைப்பாளர்கள் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் 1958ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை அளித்தனர். அதன் பயனாக 1961இல் ஆமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிலையம் நிறுவப்பெற்றது. அவ்வறிக்கையில் அவர்கள் பெரிதும் வியந்து ஆராய்ந்த பொருள் நம் வீட்டுச் செம்பு. எவ்வளவு நீர் கொள்ள வேண்டும், இடுப்பில் ஏந்துவதா தலையில் சுமப்பதா, நிறைந்திருக்கும்போதும் வெறுமையாயிருக்கும்போதும் அதன் எடை எங்கே நிற்கிறது, கையை உள்ளே விட்டுத் துலக்க முடியுமா, விலை என்ன என்று அவர்கள் கேள்விகளை அடுக்கினர். பௌதிகம், உலோகவியல், உடலமைப்பு, வாணிகம் ஆகிய எல்லாம் அவற்றில் கலந்திருந்தன. இக்கேள்விகளைத் துறைவாரியாகப் பிரித்து நான்கு வகுப்பறைகளுக்கு அனுப்பினால் செம்பு உருவாகாது.

புனா நகரில் இன்று வடிவமைப்புக் கல்லூரிகள் பல உள்ளன. எனினும் இப்பொருளில் ஆசிரியர்கள் கவனிக்கத்தக்க பாடம் அந்நகருக்கு வெளியே, ஷிரூர் தாலுக்காவிலுள்ள பாபல் என்னும் மழை குறைந்த கிராமத்தில் கிடைக்கிறது. தொழிற்சாலை ஆராய்ச்சியில் பல்லாண்டு பணிபுரிந்த உணவு விஞ்ஞானியான டாக்டர் எஸ். எஸ். கல்பாக் 1983இல் அங்கு ‘விக்ஞான் ஆசிரமம்’ என்ற நிலையத்தைத் தொடங்கினார். பள்ளிப் படிப்பில் தவறியவர்களும் இடையில் நின்றவர்களும் அதன் மாணாக்கராயினர். பொறித்தொழில், எரிசக்தியும் சுற்றுப்புறமும், மனையியலும் உடல்நலமும், வேளாண்மையும் கால்நடையும் என்ற நான்கு பிரிவுகளிலும் ஒவ்வொரு மாணாக்கரும் மாறிமாறிப் பயில வேண்டும். ஒருவர் ஒரு துறையோடு நின்றுவிட இடமில்லை. இம்முறையின் சுருக்கம் மகாராஷ்டிரத்தின் பல உயர்நிலைப் பள்ளிகளில் வாரம் ஒரு நாள் பாடமாகவும் நடைபெற்று வந்துள்ளது. கணினியால் இயங்கும் வெட்டுக் கருவிகள் கொண்ட பட்டறை 2002இல் பாபலுக்கு வந்தபோதும் இக்கொள்கை மாறவில்லை.

கல்பாக்கின் கருத்தில் முக்கியமானது வேறொன்று. மாணாக்கர் செய்யும் பொருள் ஊரில் யாருக்காவது தேவைப்பட வேண்டும்; அவர் அதற்குரிய செலவைக் கொடுத்து வாங்கிச் செல்ல வேண்டும். செலவு கொடுத்தவர் முகத்துக்காகப் புகழமாட்டார். கதவு மூடவில்லையானால் மறுநாளே வந்து நிற்பார். அவரே சிறந்த பரீட்சகர்.

அவ்வூரில் பெயர் பெற்ற கவிகை வீட்டை எடுத்துக்கொள்வோம். இரும்புச் சட்டங்களை முக்கோணங்களாக இணைத்து, கம்பி வலை போர்த்தி, சிமெண்டுக் கலவை பூசி எழுப்பும் அரைக்கோள வடிவம் அது. இத்தகைய அமைப்புகளில் எளிய வகை ஒன்றுக்கு 65 சட்டங்கள் தேவை. அவை இரண்டே நீளங்களில் அமையும். ஆரம் 2 மீட்டரானால் 35 சட்டங்கள் சுமார் 124 சென்டிமீட்டர், 30 சட்டங்கள் சுமார் 109 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். கூடும் முனைகள் 26, முக்கோணங்கள் 40. வெட்டியவர் ஒவ்வொன்றிலும் சிறிது பிசகினால் அது தொடக்கத்தில் தெரியாது. கடைசி முனை கூடாமல் நிற்கும்போது தெரியும். வடிவ கணிதத்தை இதைவிடக் கண்டிப்பாகக் கற்பிக்கும் ஆசிரியர் அரியவர். அதன் பின்பும் வேலை முடிவதில்லை. வளைந்த சுவரில் அலமாரியை எங்கே நிறுத்துவது, அடுப்புப் புகை எவ்வழியே வெளியேறும், வாசற்படி எத்திசை என்பவற்றை வீட்டுக்காரர்தாம் சொல்ல வேண்டும். அட்டை மாதிரியிடம் இக்கேள்விகளை யாரும் கேட்பதில்லை.

நிலத்தடி நீர் தேடும் வேலையும் இத்தகையதே. நான்கு இரும்பு முளைகளைச் சம இடைவெளியில் அடித்து, வெளி முளைகள் இரண்டின் வழியே மின்னோட்டம் செலுத்தி, உள் முளைகளுக்கிடையே மின்னழுத்தத்தை அளக்கின்றனர். இடைவெளியை அகலப்படுத்தினால் ஆழத்திலுள்ள அடுக்குகளின் தன்மை தெரியவருகிறது. ஈரமுள்ள, சிதைந்த பாறையில் தடை குறைவு; தக்காணத்தின் கெட்டியான கரும்பாறையில் தடை அதிகம். கருவியை அமைப்பது மின்னியல். அளவைப் படிப்பது புவியியல். பக்கத்துக் கிணறுகளின் கதையைக் கேட்டறிவதோ வேளாண்மை. மூன்றும் கூடினாலும் கணிப்புத் தவறலாம். அந்த ஐயப்பாட்டைக் குடியானவருக்கு மறைக்காமல் எடுத்துரைப்பதும் பயிற்சியின் ஒரு பகுதியே.

இதற்கு மாறான அபிப்பிராயங்களும் உள்ளன. பதினான்கு வயதுப் பிள்ளையின் வேலைக்குக் காசு வாங்குவது முறையா என்று பெற்றோர் கேட்பது இயல்பு. பொருட்செலவுக்கு மேல் கொள்ளாமையும், பழுதைப் பள்ளியே சீர்செய்து தருவதும், பற்றவைப்புப் போன்ற வேலைகளில் பயிற்றுநர் அருகிலிருப்பதும் இன்றியமையாதவை. இவற்றைச் செய்ய இயலாத பள்ளி ஊராரிடம் வேலை ஏற்கலாகாது. வாங்குவோரின் விருப்பத்துக்கே பணிந்தால் கற்பனை வளராது என்று கல்லூரி ஆசிரியர் சிலர் கூறுவர். இதில் உண்மை இல்லாமல் இல்லை. புதிய வடிவத்தை எவரும் கேட்டு வாங்குவதில்லை. ஆனால் பயனை ஒரு முறையும் எதிர்கொள்ளாத கற்பனை எத்திசையில் வளர்ந்தது என்று எவ்வாறு அறிவது?

2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்குப் புத்தகப் பையில்லாத 10 நாட்களை வகுத்துள்ளது. அந்நாட்கள் பட்டறைகளைச் சுற்றிப் பார்த்துத் திரும்பும் உல்லாசப் பயணமாகிவிடும் அபாயம் உண்டு. இங்கே களப்பணியாளரின் உதவி வேண்டும். எந்த ஊரில் தீவனத் தொட்டி உடைந்திருக்கிறது, எந்தச் சத்துணவுக் கூடத்தில் புகை சூழ்கிறது என்பது ஆசிரியரைவிட அவருக்கே நன்கு தெரியும். பருவத்துக்கு இரண்டு மூன்று தேவைகளை அவர் பள்ளிக்குக் கொணர்ந்தால் போதும். மதிப்பெண் முழுவதையும் பருவ முடிவிலேயே வழங்கிவிடுவதும் அவசியமன்று. பாதியை நிறுத்திவைத்து, ஒரு மழைக்காலம் கழிந்தபின் மாணாக்கரும் களப்பணியாளரும் சேர்ந்து அத்தொட்டியை மறுபடி பார்த்து வந்து, பிறகு இடலாம்.