சோறு போட்டால் போதுமா?

வீட்டில் ஒரு நல்ல காரியம். நிக்காஹ் அல்லது புதுக்கடை திறப்பு. தேக்சாவில் பிரியாணி மிஞ்சுகிறது. உடனே யாராவது சொல்வார்: "ஹோமுக்கு அனுப்பிடுங்க பாய், நன்மையாப் போகும்." ஆட்டோவில் ஏற்றி அனுப்பி விடுகிறோம். இன்னும் சிலர் மிஞ்சியதை அனுப்புவதில்லை. அதற்கென்றே தனியாகச் சமைத்து, குடும்பத்தோடு போய், தம் கையாலேயே பரிமாறி வருகிறார்கள். அல்லாஹ் அவர்களுடைய நற்செயலை ஏற்றுக்கொள்வானாக!

ஆனால் ஒரு கேள்வி. அந்தப் பிரியாணியைச் சாப்பிட்டவர் மறுநாள் என்ன செய்தார்? எத்தனை மணிக்கு எழுந்தார்? யாருடைய சட்டையைப் போட்டுக் கொண்டார்? அன்றைக்கு அவரிடம் யாராவது பத்து நிமிடம் உட்கார்ந்து பேசினார்களா?

அவர் குழந்தை அல்ல. நாற்பது வயது மனிதர். நோய் வருவதற்கு முன்னால் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருந்தவராக இருக்கலாம். சவூதியில் பத்து வருடம் உழைத்து வீட்டுக்கு டிராஃப்ட் அனுப்பியவராக இருக்கலாம். இன்றைக்கு மனநோய் வந்துவிட்டது. உம்மாவும் வாப்பாவும் மவ்த்தாகிப் போனார்கள். அண்ணன் தம்பிகள் வைத்துக்கொள்ள முடியாமல் எங்கோ ஓர் இல்லத்தில் சேர்த்துவிட்டார்கள். இத்தகைய இல்லங்களைப் பற்றித்தான் இந்த இதழில் பேச விரும்புகிறோம்.

மூன்று கட்டளைகள்

திருக்குர்ஆனில் அன்னிஸா அத்தியாயத்தின் 5ஆம் வசனத்தை எடுத்துப் பாருங்கள். தம் செல்வத்தைத் தாமே நிர்வகிக்கும் அறிவுத் திறன் இல்லாதவர்களைப் பற்றி அங்கே பேசப்படுகிறது. அவர்களுக்கு உணவளிக்க வேண்டும், உடை கொடுக்க வேண்டும், அத்தோடு அவர்களிடம் நல்ல முறையில் கனிவாகப் பேசவும் வேண்டும் என்பது அந்த வசனத்தின் கருத்து.

உணவு, உடை, நல்ல வார்த்தை. இதில் முதலாவதை நம் சமுதாயம் தாராளமாகச் செய்கிறது. இரண்டாவதைப் பெருநாளுக்குப் பெருநாள் செய்கிறது. மூன்றாவதை? அதை மறந்தே போனோம். காசு செலவில்லாத கட்டளை என்பதால் அது சின்னக் கட்டளை ஆகிவிடுமா?

சுயபுத்தியை இழந்தவர் மீது தொழுகையும் நோன்பும் கடமையில்லை என்று மார்க்கம் அவருக்குச் சலுகை தந்திருக்கிறது. ஆனால் அவர் விஷயத்தில் நமக்குள்ள கடமையிலிருந்து நமக்கு எந்தச் சலுகையும் தரவில்லை!

ஏர்வாடியை மறந்துவிட்டோமா?

2001 ஆகஸ்டு 6. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. தர்காவை ஒட்டித் தனியார் நடத்திவந்த மனநோயாளிகள் விடுதி ஒன்றில் அதிகாலையில் தீப்பிடித்தது. ஓலைக் கொட்டகை. உள்ளே நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 உயிர்கள் கருகிப் போயின.

தர்காவுக்குப் போவது கூடுமா கூடாதா என்ற விவாதத்தை இங்கே கிளப்புவது நமது நோக்கமல்ல. அங்கே வந்தவர்கள் முஸ்லிம்கள் மட்டுமல்ல. எல்லா மதத்தவரும் வந்தார்கள், வெளிமாநிலங்களில் இருந்தும் வந்தார்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டது யார்? சொந்தக் குடும்பத்தார். மாதாமாதம் பணம் வாங்கிக்கொண்டு சங்கிலி போட்டது யார்? விடுதி நடத்தியவர்கள். அந்தச் சங்கிலியைத் தினமும் பார்த்துக் கொண்டே கடந்து போனது யார்? நாம்.

ஒரே வாரத்தில் அங்கிருந்த விடுதிகள் மூடப்பட்டன. தங்கியிருந்தவர்களை அரசு தன் பொறுப்பில் எடுத்துக் கொண்டது. உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்து, மாநிலங்களுக்கு உத்தரவுகள் போட்டது. எல்லாம் 28 ஜனாஸாக்களுக்குப் பிறகு!

அந்த விடுதியிலும் கூரை இருந்தது, சோறும் கிடைத்திருக்கும். சோறும் கூரையும் மட்டுமே ஓர் இடத்தை இல்லம் ஆக்கிவிடாது என்பதுதான் ஏர்வாடி சொல்லும் பாடம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2017-ல் நாடாளுமன்றம் மனநலப் பராமரிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. 2018-ல் அது நடைமுறைக்கு வந்தது. மனநோயாளிகள் தங்கும் எந்த இல்லமும் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அவர்களை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 95ஆம் பிரிவு அடித்துச் சொல்கிறது.

நம் வாசகர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது 20ஆம் பிரிவு. சுத்தமான, பாதுகாப்பான இடம் வேண்டும். சத்தான உணவு வேண்டும். மறைவு வேண்டும். பொழுதுபோக்குக்கும், படிப்புக்கும், அவரவர் மார்க்கக் கடமைகளுக்கும் வசதி வேண்டும். வலுக்கட்டாயமாக மொட்டை அடிக்கக் கூடாது. சொந்த உடை உடுத்த விரும்பினால் விட வேண்டும், சீருடை போடச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. கட்டாயப்படுத்தி வேலை வாங்கக் கூடாது. வேலை செய்தால் அதற்குக் கூலி கொடுக்க வேண்டும். பெண்களுக்கு மாதவிலக்கு நாட்களில் தேவையான பொருட்கள் கிடைக்க வேண்டும். அடி, திட்டு, பாலியல் கொடுமை எதுவும் அவர்களைத் தீண்டக் கூடாது.

மொட்டையும் சட்டையும் போய் நாடாளுமன்றச் சட்டத்தில் இடம் பெறுவதா என்று சிலர் நினைக்கலாம். ஒரு மனிதனை மனிதனாக நடத்துகிறார்களா இல்லையா என்பது இந்தச் சின்ன விஷயங்களில்தான் தெரியும். பேன் பிடிக்கிறது என்று ஒரு பெண்ணின் தலையை ஒட்ட மழித்து விடுவது பராமரிப்பவருக்கு வசதி. அந்தப் பெண்ணுக்கு? உங்கள் சகோதரியை நினைத்துப் பாருங்கள்!

சுபுஹு முதல் இஷா வரை

ஓர் இல்லம் நல்ல இல்லமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வாசலில் உள்ள பளிங்குக் கல்லையும் அதில் பொறித்த கொடையாளர் பெயர்களையும் பார்க்காதீர்கள். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் போங்கள். அங்குள்ள ஒருவருடைய ஒரு நாளை மட்டும் விசாரியுங்கள்.

காலையில் எத்தனை பேருக்கு ஒரு கழிவறை? உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா? குளிக்க வரிசையில் நிறுத்திக் குழாயால் தண்ணீர் அடிக்கிறார்களா, அவரவர் பக்கெட்டில் அவரவர் குளிக்கிறார்களா? டீயில் சர்க்கரை எவ்வளவு என்று யாராவது கேட்கிறார்களா? ளுஹருக்கும் அஸருக்கும் இடையே என்ன செய்கிறார்கள்? சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்களா, சமையலுக்கு வெங்காயம் உரிக்கவோ, செடிக்குத் தண்ணீர் விடவோ, கேரம் ஆடவோ வழி இருக்கிறதா? இரவுச் சாப்பாட்டை, ஊழியர்கள் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதற்காக ஐந்தரை மணிக்கே முடித்து, ஆறு மணிக்குக் கதவைப் பூட்டி விடுகிறார்களா? இரவில் எத்தனை ஊழியர்கள் விழித்திருக்கிறார்கள்? பெண்கள் பகுதியில் பெண் ஊழியர் இருக்கிறாரா? தீப்பிடித்தால் சாவி யார் கையில்?

டாக்டர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறார்? மருந்துச் சீட்டில் எழுதியதுதான் கொடுக்கப்படுகிறதா? தொந்தரவு செய்யாமல் கிடக்கட்டும் என்று தூக்க மாத்திரையைக் கூட்டிக் கொடுக்கிறார்களா? பகல் பதினொரு மணிக்கு எல்லோரும் தூங்கிக் கொண்டிருந்தால் சந்தேகப்படுங்கள்.

கடைசியாக அவரையே கேளுங்கள்: "உங்க பேர் என்ன? ஊர் எது? சாப்பாடு எப்படி?" அவர் பதில் சொல்வதற்கு முன் நிர்வாகியின் முகத்தைப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். அது போதும்.

சின்ன இல்லம், நம் தெருவில்

பெரிய கட்டடம் கட்டி நூறு பேரை அடைத்தால்தான் சேவை என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. ஊருக்கு வெளியே நிலம் மலிவாகக் கிடைக்கும், அங்கே கட்டுவோம் என்கிறோம். நிலம் மலிவு என்பது மட்டும்தான் காரணமா? கண்ணில் படாமல் இருக்கட்டும் என்ற நினைப்பும் அதில் இல்லையா?

சென்னையில் 1993-ல் தொடங்கப்பட்ட பேனியன் அமைப்பு 2015 முதல் வேறு வழியைக் காட்டியிருக்கிறது. நீண்ட காலம் மனநல விடுதியில் இருந்தவர்களில் நான்கைந்து பேரைச் சேர்த்து, சாதாரணத் தெருவில் ஒரு சாதாரண வீட்டை எடுத்து, உதவிக்கு ஊழியரையும் வைத்துக் குடும்பம் போல வாழச் செய்கிறார்கள். அங்கே அவர்கள் நோயாளிகள் அல்ல, அந்தத் தெருக்காரர்கள்.

ஆனால் சின்ன இல்லம் என்றாலே நல்ல இல்லம் என்றும் எண்ணிவிட வேண்டாம். பத்துப் பேர் இருக்கும் வீட்டில் ஒருவர் கை ஓங்கினால் தட்டிக்கேட்க ஆளிருக்காது. ஏர்வாடி விடுதியும் பெரிய ஆஸ்பத்திரி அல்லவே! கதவு திறந்திருக்க வேண்டும், அக்கம்பக்கத்தார் வந்துபோக வேண்டும். அதனால்தான் ஊருக்கு வெளியே வேண்டாம் என்கிறோம்.

இது நமக்குப் புதிதும் அல்ல. கெய்ரோவில் மம்லூக் சுல்தான் கலாவூன் 1284-ல் நிறுவிய மருத்துவமனை வக்ஃபு வருமானத்தில் நடந்தது. ஏழை பணக்காரர் என்ற பேதமில்லாமல் நோயாளிகளை ஏற்றது. மனநோயாளிகளுக்கும் அங்கே இடம் இருந்தது. துருக்கியின் எதிர்னே நகரில் சுல்தான் இரண்டாம் பாயஸீது 1488-ல் கட்டி முடித்த மருத்துவமனையில் மனநோயாளிகளுக்காக இசைக் கலைஞர்கள் வந்து இசைத்ததைப் பயணி எவ்லியா செலெபி எழுதி வைத்திருக்கிறார். அந்தக் காலத்து மருத்துவமனைகளிலும் முரண்டு செய்தவர்களைக் கட்டி வைத்தது உண்டு. எல்லாமே பொற்காலம் என்று பெருமையடிக்க வேண்டாம். ஆனால் மனநோயாளிக்கு வயிறு மட்டுமல்ல, மனமும் உண்டு என்பதை வக்ஃபு செய்த அந்த முன்னோர்கள் விளங்கியிருந்தார்கள். வக்ஃபு சொத்துக்களின் வாரிசுகளாகிய நாம் விளங்கியிருக்கிறோமா?

செய்ய வேண்டியது என்ன?

வணிகப் பெருமக்களே! கடையில் ஆளைக் குறைத்து, சம்பளத்தையும் குறைத்தால் வியாபாரம் என்ன ஆகும் என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இல்லத்திலும் அதுதான் நடக்கிறது. இருபது பேருக்கு ஓர் ஊழியர், அவருக்கும் சொற்பச் சம்பளம் என்றால் அவரிடம் எப்படிக் கனிவை எதிர்பார்ப்பது? வருடத்துக்கு ஒரு நாள் பிரியாணிக்குப் பதிலாக ஓர் ஊழியரின் மாதச் சம்பளத்தைப் பொறுப்பேற்றுக் கொள்ளுங்கள். இல்லத்தில் இருப்பவர்களில் வேலை செய்ய முடிந்தவருக்கு உங்கள் கடையில் பொட்டலம் கட்டும் வேலை கொடுங்கள். கொடுத்தால் மற்றவருக்குத் தரும் அதே கூலியைக் கொடுங்கள். ஜகாத் பணத்தைக் கட்டடத்துக்குச் செலவிடலாமா என்பதை உலமாக்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

இளைஞர்களே! ரமளானில் ஒரு நாள் கூட்டமாகப் போய், செல்போனில் படம் பிடித்துத் திரும்புவது சேவை ஆகாது. ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். வாரம் ஒரு முறை, அதே நாள், அதே நேரம் போங்கள். டீக்கடைக்கு அழைத்துப் போங்கள். முடி வெட்டக் கூட்டிப் போங்கள். ஜும்ஆவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துக் கொள்ளுங்கள். போவதாகச் சொல்லிவிட்டுப் போகாமல் இருந்து விடாதீர்கள். வாசலைப் பார்த்துக் காத்திருப்பவரை ஏமாற்றுவது, போகாமலே இருப்பதை விடக் கொடுமை.

ஜமாஅத் நிர்வாகிகளே! பள்ளிவாசலில் ஒருவர் தொழுகைக்கு நடுவே சத்தம் போட்டால் முறைத்து வெளியேற்றும் பழக்கத்தை முதலில் நிறுத்துவோம். உங்கள் மஹல்லாவில் எத்தனை வீடுகளில் இப்படிப்பட்டவர்கள் உள்ளறையில் வைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று தெரியுமா? தங்கைக்கு மாப்பிள்ளை கிடைக்காமல் போய்விடும் என்று அஞ்சித்தான் பல குடும்பங்கள் மறைக்கின்றன. அந்த அச்சத்தைக் குறைப்பது ஜமாஅத்தின் வேலை. மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள். மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. 14416 என்ற இலவச எண்ணில் தொலைபேசி ஆலோசனை கிடைக்கிறது. ஜும்ஆவில் இதை அறிவிக்க எத்தனை நிமிடம் ஆகும்?

நமக்கும் முதுமை வரும். நோய் நமக்கு வராது என்று யாரும் எழுதித் தரவில்லை. நாளை நாமே ஓர் இல்லத்தின் கட்டிலில் உட்கார்ந்திருக்கும்போது, வாளிச் சோற்றோடு ஒருவர் உள்ளே வந்தால் அவரிடம் நாம் எதை எதிர்பார்ப்போம்? சோற்றையா? அல்லது, பெயரைச் சொல்லி அழைக்கும் ஒரு ஸலாமையா?

சோறு கொடுங்கள், உடை கொடுங்கள். மூன்றாவது கட்டளையையும் நிறைவேற்றுங்கள். அடுத்த முறை ஹோமுக்குப் போகும்போது, தேக்சாவை இறக்கி வைத்துவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள். அங்கிருந்து தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்!