முதல் மிடறு தனியாகவே

இத்தாலியின் டஸ்கனி மாநிலத்தில் விருந்து முடியும் தறுவாயில் இரண்டு பொருட்கள் இணைபிரியாமல் மேசைக்கு வரும். ஒன்று, சிறு கோப்பையில் பொன்னிறமாய் மின்னும் வின் சாந்தோ என்னும் இனிப்பு ஒயின். மற்றது, பாதாம் பருப்பு பதித்து இருமுறை சுட்டெடுத்த கான்டுச்சி பிஸ்கட். கடினமான அந்தப் பிஸ்கட்டை ஒயினில் தோய்த்து உண்பதே மரபு என்று பயண நூல்கள் ஓதிவருகின்றன. இம்மரபோடு எங்களுக்குச் சிறு பிணக்கு உண்டு.

பிணக்கின் காரணம் விளங்க, இந்த ஒயின் உருவாகும் விதத்தைச் சொல்லியாக வேண்டும். ட்ரெபியானோ, மால்வாசியா ஆகிய வெள்ளைத் திராட்சைகளைப் பறித்தவுடன் பிழிவதில்லை. உத்தரங்களில் தொங்கவிட்டோ, பாய்களில் பரப்பியோ மாதக்கணக்கில் வாட விடுகிறார்கள். நீர் வற்ற வற்ற இனிப்பும் புளிப்பும் செறிகின்றன. குளிர்காலத்தில் பிழியும்போது கிடைப்பது கொஞ்சம் சாறுதான். அதைக் காரடெல்லி எனும் சிறு மரப்பீப்பாய்களில் ஊற்றுகிறார்கள். பழைய பீப்பாயின் அடியில் தங்கிய வண்டலை, தயிருக்கு உறை ஊற்றுவதுபோல், அதனுடன் சேர்ப்பதும் உண்டு. அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘மாட்ரே’, அதாவது தாய். பிறகு பீப்பாயை அடைத்துக் கூரைக்கடியிலுள்ள அறையில் வைத்துவிடுவார்கள். கோடையின் வெம்மையில் நொதித்தும் குளிரில் உறங்கியும் மூன்று ஆண்டுகளாவது அது அங்கேயே கிடக்கும். பத்தாண்டுகள் காத்திருப்போரும் உளர். இதற்கிடையே ஒரு பகுதி ஆவியாகிப் போய்விடும்.

இத்தனை பொறுமையின் விளைவை நாவில் வைத்தால் உலர்ந்த சர்க்கரை பாதாமி, தேன், ஆரஞ்சுத் தோல், வறுத்த பருப்பு என்று சுவைகள் ஒவ்வொன்றாய் விரிகின்றன. இறுதியில் எழும் மெல்லிய புளிப்பே அந்த இனிப்பைத் திகட்டாமல் காக்கிறது. பிஸ்கட்டைத் தோய்த்த கணத்தில் முதலில் மறைவது அந்தப் புளிப்புதான். மாவும் சர்க்கரையும் மட்டுமே மிஞ்சுகின்றன.

‘இது விருந்தோம்பலின் ஒயின், பண்ணை வீடுகளில் வாசலுக்கு வந்தவரை வரவேற்கக் கொடுத்தது. இதில் என்ன ஆராய்ச்சி?’ என்று கேட்பவர்கள் உண்டு. அக்கேள்வியை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் தோய்ப்பதற்கு மட்டுமே இந்த ஒயின் என்றானால், சாராயம் சேர்த்து விரைவில் செய்து மலிவாக விற்கப்படும் ‘லிக்வோரோசோ’ வகையே போதுமே? கூரையடியில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் உற்பத்தியாளரின் உழைப்புக்கு யார் விலை கொடுப்பார்கள்? ஒரு பண்டத்தின் நுட்பத்தைச் சுவைப்போர் அருகினால், அதைச் செய்வோரும் அருகிவிடுவர் என்பதே எங்கள் கவலை.

ஆகவே வாசக நண்பர்களுக்கு எங்கள் பரிந்துரை இது. மிகவும் குளிர்விக்க வேண்டாம். 12 முதல் 14 பாகை வெப்பம் பொருத்தம். குறுகிய மதுக்கிண்ணத்தை விடுத்துச் சற்றே அகன்ற கோப்பையை எடுங்கள். முதல் மிடறைத் தனியாக அருந்துங்கள். அடுத்து, முதிர்ந்த பெக்கோரினோ அல்லது நீலம் பாய்ந்த கோர்கொன்சோலா பாலாடைக்கட்டியின் ஒரு துண்டு. உப்பும் இனிப்பும் ஒன்றையொன்று தூக்கிப் பிடிக்கும். டஸ்கனியர் ரொட்டித் துண்டில் தடவி உண்ணும் கோழி ஈரல் விழுதும் நன்கு பொருந்தும். அதைச் சமைக்கும்போதே வின் சாந்தோ ஊற்றும் வீடுகள் பல. இனிப்புதான் வேண்டுமெனில், கஷ்கொட்டை மாவில் ரோஸ்மேரி தூவிச் சுடும் காஸ்டான்யாச்சோ இருக்கிறது. உணவின் இனிப்பு ஒயினின் இனிப்பை விஞ்சலாகாது என்ற விதியை அது மீறுவதில்லை. க்ரீம் நிறைந்த கேக்குகளோ அதை மீறி, ஒயினை வெறும் புளிப்பாக்கிவிடும்.

இவையெல்லாம் முடிந்தபின் கோப்பையின் அடியில் கொஞ்சம் மிச்சமிருந்தால், கான்டுச்சியைத் தாராளமாகத் தோய்த்துக்கொள்ளுங்கள். மரபைக் கைவிடச் சொல்லவில்லை நாங்கள். அதன் வரிசையைத்தான் மாற்றச் சொல்கிறோம்.