பெயர்ப்பலகைக்கு முன்பே கணக்கேடு

தமிழுணர்வுடைய இளைஞர் ஒருவர் கடை திறக்க எண்ணினால், முதற்கண் தமிழாசிரியரைத்தான் தேடி வருகின்றார். நல்ல தமிழ்ப் பெயர் வேண்டி! சில ஆண்டுகட்கு முன் என் பழைய மாணாக்கர் ஒருவரும் நூற்கடைக்குப் பெயர் கேட்டு வந்தார். அரை மணி நேரத்தில் மூன்று பெயர்களை எழுதித் தந்தேன். பலகையில் ஒற்று விடுபட்டிருந்ததையும் திருத்தினேன். ஆனால், குடிக்கூலி என்ன, முதல் எவ்வளவு, அதில் கடன் எவ்வளவு என ஒரு சொல்லும் கேட்டேனில்லை. வள்ளுவர் வகுத்த 'தெரிந்து செயல்வகை'யை ஆண்டுதோறும் வகுப்பில் விரித்துரைப்பவன் யான்!

பதினோராம் திங்களில் கடை மூடப்பட்டது. அவர்தம் மனைவியின் நகைகள் இன்னும் அடகில் உள்ளன.

"தமிழர் கடை; தமிழர் வாங்குவர்" என்பதே அவருடைய திட்டம் முழுமையும். தமிழர் வந்தனர்; கடன் சொல்லி வாங்கிச் சென்றனர். உணர்வாளர் எனப்பட்ட நம்மவரே திருப்பித் தரப் பிந்தினர். இதனை எழுதக் கை கூசுகின்றது, எனினும் மறைப்பதற்கில்லை.

உணர்வு ஒன்றே முதலாகாது என்பதை வ.உ. சிதம்பரனார் நன்கறிந்திருந்தார். 1906-இல் பதிவான சுதேசிக் கப்பல் குழுமம் வெறும் ஆர்வத்தில் எழுந்ததன்று. ஒன்று 25 உருபாவாக 40,000 பங்குகள், மொத்தம் 10 இலக்க உருபா என முதல் வகுக்கப்பட்டது. மதுரைத் தமிழ்ச்சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். வாடகைக்கு அமர்த்திய கப்பலை, வெள்ளையர் நெருக்குதலால் உரியவர் திரும்பப் பெற்றனர். பிறர் கப்பலை நம்பிய வணிகம் நில்லாது எனக் கண்ட சிதம்பரனார், 1907-இல் குழுமத்திற்கென்றே இரு கப்பல்களைக் கொணர்வித்தார்.

வெள்ளையர் குழுமம் தூத்துக்குடி–கொழும்புக் கட்டணத்தை ஓர் உருபாவாகக் குறைத்தது; இவர்கள் அரை உருபாவாக்கினர். அவர்களோ கட்டணமே இன்றி ஏற்றிச் செல்லவும், குடை கொடுக்கவும் முன்வந்தனர்! அவ்விழப்பைத் தாங்க அவர்கட்குப் பல கடல்வழிகளின் வருவாய் இருந்தது. இவர்கட்கு இருந்ததோ பெரும்பாலும் இவ்வொரு வழியே. 1908-இல் சிதம்பரனாரைச் சிறையிலிட்டனர். 1911-இல் குழுமம் கலைக்கப்பட்டது. அது அடக்குமுறை செய்த கொடுமை. அப்பெருமகனார்மேல் குறை கூற எவர்க்கும் தகுதியில்லை. ஆயினும், போட்டியாளர் விலையைக் குறைத்தால் எத்தனைத் திங்கள் தாங்குவோம், நடத்துபவர் இல்லாவிடத்து எவர் நடத்துவர் என்னும் இரு வினாக்களை அவ்வரலாறு நம்முன் வைத்துச் சென்றுள்ளது. அவர்க்கு எதிராக நின்றது ஓர் அரசு. நம் நூற்கடைக்கு எதிராக நின்றதோ அடுத்த தெருக் கடைதான். அதற்கும் நாம் கணக்கிடவில்லை.

சென்ற திங்கள் மற்றோர் இளைஞர், உணவகத்திற்குப் பெயர் வேண்டுமென்று வந்தார். வருவாயே இல்லாமல் ஆறு திங்கட்குக் கூலியும் வட்டியும் செலுத்தும் வழியை ஒரு தாளில் எழுதிக் கொணருமாறு சொல்லியனுப்பினேன். முகம் வாடிச் சென்றார், இன்னும் வரவில்லை. பெயரை எழுதி வைத்திருக்கின்றேன்.