தாம் இயற்றிய சட்டத்தைத் தாமே முடக்கினோர்

2022 இல் காலிமுகத்திடலில் திரண்ட மக்கள், 225 அங்கத்தவரும் வீடு செல்க என முழங்கினர். மரியாதையற்ற கூச்சல் என்றனர் சில பெரியோர். நாம் அவ்வாறு கருதவில்லை.

2017 செப்தெம்பரில் மாகாண சபைத் தேர்தல் முறையை மாற்றிப் பாராளுமன்றம் சட்டம் இயற்றிற்று. அதன்படி வந்த எல்லை நிர்ணய அறிக்கைக்கு 2018 ஆகஸ்டில் எதிராக 139 வாக்குகள். ஆதரவாக ஒன்றேனும் இல்லை. சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார்! நம் தமிழ்ப் பிரதிநிதிகளும் ஆதரித்தாரில்லை. பிரதமர் தலைமையிலான மீளாய்வுக் குழு இரு மாதத்தில் அறிக்கை தரல் வேண்டும் என்பது சட்டம், தரவில்லை. பழைய முறை நீங்கிற்று, புதியது முற்றுப்பெறவில்லை. தேர்தல் நடத்தச் சட்டமே இல்லாத விந்தை!

அவ்வாண்டு ஒக்டோபரில் வட மாகாண சபையின் காலம் முடிந்தது. அதன்பின் மாகாணத்துக்குரிய குளத்தின் கட்டு உடைந்தாலும், பள்ளிக்கு ஆசிரியர் இல்லையெனினும், வன்னி விவசாயி முறையிட வேண்டியது தான் தெரிந்தெடுத்தவரிடமன்று. ஜனாதிபதி நியமித்த ஆளுநரிடம்.

பழைய விகிதாசார முறையை மீட்க ஒரு சிறு திருத்தம் போதுமாயிருந்தது. 2024 இல் பாராளுமன்றம் கலையும்வரை அதற்கு நேரம் வாய்க்கவில்லை. ஜனாதிபதியின் அதிகாரத்தைப் பெருக்கிய இருபதாம் திருத்தத்துக்கோ, 2020 ஒக்டோபரில் இரண்டு நாள் விவாதம் போதியதாயிற்று.

வாக்குக் கேட்டு முற்றத்துக்கு வருவோரிடம், 2018 ஆகஸ்டில் உங்கள் கட்சி எப்பக்கம் நின்றது என வாக்காளப் பெருமக்கள் கேட்பாராக.