சம்பளச் சீட்டுக்கு வெளியே ஒரு வருமானம்

ஆவடியிலிருந்து செங்குன்றம் செல்லும் சாலையில் இருக்கிறது நான் குடியிருக்கும் வெள்ளானூர். காலையில் இங்கிருந்து அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கும் ஆவடி தொழிற்சாலைகளுக்கும் புறப்படுகிறவர்களில் பலர், மாலையில் வீடு திரும்பியதும் இரண்டாவது வேலையைத் தொடங்குகிறார்கள். ஒருவர் கணினியில் இயந்திர உதிரிபாகங்களுக்கு வரைபடம் வரைகிறார். இன்னொருவர் வீட்டு முன்னறையில் பிளஸ் 2 மாணவர்களுக்குக் கணிதம் நடத்துகிறார். மூன்றாமவரின் கேக் வியாபாரம் வாட்ஸ்ஆப் வழியே நடக்கிறது. வீட்டுக் கடன் தவணையும் கல்விக் கட்டணமும் ஒரு சம்பளத்துக்குள் அடங்காத காலம் இது.

கணக்குப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால், ஜூன் மாதம் நிறுவனங்கள் படிவம் 16 வழங்கியதும் அக்கம்பக்கத்தார் சிலர் என்னைத் தேடி வருவார்கள். இந்த ஆண்டு முதலில் வந்தவர் அந்த வரைபடக்காரர். 2025-26 நிதியாண்டில் அவருடைய சம்பளம் ரூ.9 லட்சம். இரவு வேலைக்காக இரண்டு சிறு நிறுவனங்கள் அளித்தது ரூ.4 லட்சம். அந்த நிறுவனங்கள் தொழில்முறைக் கட்டணத்துக்கான 194ஜே பிரிவின் கீழ் 10 சதவீதம், அதாவது ரூ.40,000 வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்திருக்கின்றன. "சம்பளத்துக்குத்தான் வரி இல்லைன்னு கம்பெனியிலேயே சொல்லிட்டாங்களே சார், இதை எதுக்குக் காட்டணும்?" என்று கேட்டார்.

காட்டாமல் இருக்க முடியாது என்பது முதல் விஷயம். அவருடைய பான் எண்ணில் பிடிக்கப்பட்ட ஒவ்வொரு ரூபாயும் 26ஏஎஸ் படிவத்திலும், 2021 நவம்பரில் அறிமுகமான வருடாந்திரத் தகவல் அறிக்கையிலும் பதிவாகியிருக்கிறது. வருமான வரித் துறைக்குத் தெரிந்த வருமானத்தை அவர் சொல்லாமல் விட்டால் நோட்டீஸ் வரும். ஆனால், காட்டுவதுதான் அவருக்கு லாபம் என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

பொறியியல், மருத்துவம், சட்டம், தொழில்நுட்ப ஆலோசனை போன்ற குறிப்பிட்ட தொழில்களைச் செய்பவர்களுக்கு 44ஏடிஏ என்ற பிரிவு 2016-ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்தால் வந்தது. மொத்த வரவு ரூ.50 லட்சத்துக்குள் இருந்தால், அதில் பாதியை லாபம் என்று அறிவித்து வரி கட்டலாம். ரசீதுகளையும் கணக்குப் புத்தகங்களையும் வைத்திருக்க வேண்டியதில்லை. கேக் விற்பவர் போன்ற சிறு வியாபாரிகளுக்கு 44ஏடி பிரிவு இருக்கிறது. அதில் வங்கி வழியாக வந்த விற்பனைத் தொகையில் 6 சதவீதமும், ரொக்கமாக வந்ததில் 8 சதவீதமும் லாபமாகக் காட்டினால் போதும்.

வரைபடக்காரருக்கு இதன்படி கணக்குப் போட்டேன். சம்பளத்தில் நிலையான கழிவு ரூ.75,000 போக மீதி ரூ.8,25,000. இரவு வேலையின் வரவில் பாதி ரூ.2 லட்சம். மொத்தம் ரூ.10,25,000. புதிய வரி முறையில் ரூ.12 லட்சம் வரை வரி இல்லை என்பதால் பிடிக்கப்பட்ட ரூ.40,000 முழுவதும் திரும்பக் கிடைக்கும். அதே ரூ.4 லட்சத்தை, பலரும் செய்வதுபோல, 'இதர வருமானம்' என்ற கட்டத்தில் போட்டிருந்தால் மொத்தம் ரூ.12,25,000 ஆகிவிடும். விளிம்பு நிவாரணம் போக, செஸ்ஸையும் சேர்த்து ரூ.26,000 வரி. உண்மையை மறைக்காத ஒருவர், தவறான கட்டத்தில் எழுதியதற்காகக் கட்டும் தொகை அது.

தவறான கட்டத்தில் எழுத அவரைத் தூண்டுவது படிவம்தான். சம்பளக்காரர்கள் பழகிய ஐடிஆர்-1 படிவத்தில் தொழில் வருமானத்துக்கு இடமே இல்லை. சம்பளமும் இந்த அனுமான லாபமும் சேர்ந்து வருபவர் ஐடிஆர்-4 படிவத்துக்குப் போக வேண்டும். முதலாவதற்கு 'சகஜ்' என்றும் நான்காவதற்கு 'சுகம்' என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் எளிது என்பதே பொருள். பகலில் அலுவலக வேலையும் மாலையில் காப்பீட்டு முகவர் வேலையும் பார்ப்பவருக்கு அந்தச் சுகமும் கிடையாது. கமிஷன் வருமானத்துக்கு 44ஏடி பொருந்தாது என்பதால், சில ஆயிரம் ரூபாய்க்காக அவர் ஐடிஆர்-3 என்ற நீண்ட படிவத்துக்குள் நுழைய வேண்டும். டியூஷன் ஆசிரியரோ 44ஏடிஏ பட்டியலிலேயே இல்லை.

அடுத்து வந்தவரின் கணக்கு நேர்மாறானது. சம்பளம் ரூ.12 லட்சம், வெளி வேலையில் அவருக்கும் ரூ.4 லட்சம். நிலையான கழிவுக்குப் பின் சம்பளம் ரூ.11,25,000 என்பதால் நிறுவனம் ஒரு ரூபாய்கூடப் பிடிக்கவில்லை. ஆனால், ரூ.2 லட்சம் லாபத்தைச் சேர்த்ததும் மொத்தம் ரூ.13,25,000 ஆகி, ரூ.12 லட்சம் வரையிலான தள்ளுபடி முழுவதும் போய்விடுகிறது. வரியும் செஸ்ஸும் சேர்ந்து ரூ.81,900. வெளி நிறுவனங்கள் பிடித்த ரூ.40,000 போக ரூ.41,900 பாக்கி. இதை மார்ச் 15-க்குள் முன்கூட்டிய வரியாகச் செலுத்தியிருக்க வேண்டும் என்பது ஜூன் மாதத்தில் தெரிந்து என்ன பயன்? மாதம் ஒரு சதவீத வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

பிற வருமானத்தையும் நிறுவனத்திடம் தெரிவித்து, அதற்கும் சேர்த்துச் சம்பளத்தில் வரி பிடிக்கச் சொல்லலாம் என்கிறது 192-ஆவது பிரிவு. படிக்க நன்றாக இருக்கிறது. வேறு வேலை செய்யக்கூடாது என்று பணி நியமன ஆணையிலேயே எழுதி வாங்கிய முதலாளியிடம் எந்த ஊழியர் அதைச் சொல்வார்? அரசு ஊழியர்களின் நிலை இன்னும் இறுக்கமானது. மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளின் 15-ஆவது விதி, முன் அனுமதியின்றித் தனித்தொழில் செய்வதைத் தடுக்கிறது. அதனால் கடை மனைவி பெயரில் இருக்கும். கணவர் கொடுத்த முதலில் நடக்கும் கடையின் வருமானத்தைக் கணவரின் கணக்கிலேயே சேர்க்கச் சொல்லும் 64-ஆவது பிரிவை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

இவை எல்லாவற்றையும் விட எனக்கு அநீதியாகப் படுவது ஒன்று உண்டு. சம்பளம் மட்டும் பெறுபவர் ஒவ்வோர் ஆண்டும் பழைய வரி முறையா, புதிய வரி முறையா என்று கணக்குப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். வீட்டுக் கடன் வட்டி அதிகமாக உள்ள ஆண்டுகளில் பழைய முறையும், பிறகு புதிய முறையும் அவருக்குச் சாதகமாக இருக்கக்கூடும். தொழில் வருமானம் உள்ளவருக்கோ அந்தச் சுதந்திரம் இல்லை. பழைய முறை வேண்டுமென்றால் படிவம் 10-ஐஇஏ தாக்கல் செய்ய வேண்டும். பிறகு புதிய முறைக்குத் திரும்பினால், தொழில் வருமானம் இருக்கும்வரை பழைய முறைக்கு மீண்டும் போக முடியாது. பெரிய வணிகர்கள் ஆண்டுதோறும் மாறி மாறி லாபம் பார்ப்பதைத் தடுக்க இந்த விதி தேவைப்பட்டிருக்கலாம். ஆனால், ரூ.10 லட்சம் சம்பளத்துடன் ரூ.40,000 கேக் வருமானம் பெறுகிறவரையும் அதே பூட்டு பூட்டுகிறது. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய வருமான வரிச் சட்டம் மொழியை எளிமையாக்கியது, பிரிவுகளைக் குறைத்தது, 'வரி ஆண்டு' என்ற ஒரே சொல்லைக் கொண்டுவந்தது. இந்தப் பூட்டை மட்டும் அப்படியே எடுத்துக்கொண்டது.

பிரிட்டனில் 2017 ஏப்ரல் முதல், சிறு தொழிலில் ஆண்டுக்கு 1,000 பவுண்டு வரையிலான வரவுக்கு வரி விலக்கு இருக்கிறது. சம்பளத்துடன் சில்லறை வேலை செய்பவர் அந்த எல்லைக்குள் பெரும்பாலும் தனிக் கணக்கு காட்ட வேண்டியதில்லை. அவ்வளவு தூரம் போக வேண்டாம், நம் நாட்டிலேயே முன்னுதாரணம் உண்டு. பங்குகளை விற்றவர்கள் தொடமுடியாத படிவமாக இருந்த ஐடிஆர்-1, 2025-26 மதிப்பீட்டு ஆண்டு முதல், பட்டியலிட்ட பங்குகளில் ரூ.1.25 லட்சம் வரையிலான நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு இடம் கொடுத்தது. பங்கு விற்பவருக்குத் திறந்த கதவு, இரவு முழுவதும் கேக் சுடுபவருக்கு ஏன் திறக்கக்கூடாது? ஐடிஆர்-1 படிவத்தில் 44ஏடி, 44ஏடிஏ லாபத்துக்கு ஒரு வரி சேர்க்கலாம். சிறு தொகை வரையிலான தொழில் வருமானத்துக்கு, வரி முறையை ஆண்டுதோறும் மாற்றும் உரிமையை விட்டுவைக்கலாம். இதனால் கருவூலத்துக்குப் பெரிய இழப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. காட்டப்படாமல் போகும் வருமானம் வெளியே வந்தால் வரவே கூடும்.

நிதி ஆயோக் 2022-இல் வெளியிட்ட அறிக்கை, 2020-21-இல் 77 லட்சமாக இருந்த கிக் தொழிலாளர்கள் 2029-30-இல் 2.35 கோடியாவார்கள் என்று மதிப்பிட்டது. அவர்களில் சம்பள வேலையும் வைத்திருப்பவர்களுக்குப் பொருந்தும் படிவத்தை இப்போதே யோசிக்க வேண்டும்.

வரைபடக்காரருக்கு ஐடிஆர்-4 படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன். பிறகுதான் அவர் சென்ற ஆண்டின் கணக்கைக் காட்டினார். அப்போதும் இரவு வேலை இருந்திருக்கிறது. ஊரில் உள்ள ஒரு கணினி மையத்தில் முழுத் தொகையையும் 'இதர வருமானம்' என்று போட்டு, கூடுதல் வரியும் கட்ட வைத்திருக்கிறார்கள். திருத்திய கணக்குக்கான கெடு முடிந்துவிட்டது. 48 மாதங்கள் வரை அவகாசம் தரும் புதுப்பித்த கணக்கு என்ற வசதி இருக்கிறதே என்று கேட்டார். அது கூடுதலாக வரி கட்டுவதற்கு மட்டுமே. அதிகமாகக் கட்டியதைத் திரும்பக் கேட்க அதைப் பயன்படுத்த முடியாது. ஆணையரிடம் மறுஆய்வு மனு அளிக்கலாம் என்றேன். அதற்கு எத்தனை நாள் விடுப்பு எடுக்க வேண்டியிருக்கும் என்று கேட்டுவிட்டு, காகிதங்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.