உமியைக் கொளுத்திவிட்டு யூரியாவுக்கு அழுகிறோம்



பாடசாலைத் தோட்டத்துக்கு உமிக்கரி செய்யப் போகிறோம், மில்லில் கிடக்கும் உமியில் பத்து மூடை தாருங்கள் என்று ஊர் வட்ஸ்அப் குழுமத்தில் கேட்டோம். அவ்வளவுதான். இரண்டு நாள் சண்டை. ஒருவர், "கரி போடுகிறவர்கள் அதோடு யூரியா என்ற நஞ்சை ஏன் சேர்க்கிறீர்கள்?" என்கிறார். மற்றவர், "திரும்பவும் ஓர்கனிக்கா? 2021 இல் பட்டது போதாதா?" என்கிறார். இருவருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2021 மே மாதம் ஒரு வர்த்தமானியோடு இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தினார்கள். இப்படிச் செய்யாதீர்கள் என்று பேராதனை விவசாய பீடத்துப் பேராசிரியர்கள் எழுதினார்கள், பேசினார்கள். கேட்கவில்லை. நவம்பரில் தடையை எடுத்தபோது பெரும்போகம் கையை விட்டுப் போயிருந்தது. முந்திய பெரும்போகத்தில் 30 இலட்சம் தொன் நெல். அந்த முறை 20 இலட்சம் கூட இல்லை. சீனாவிலிருந்து வந்த சேதனப் பசளையில் கிருமி என்று கப்பலைத் திருப்பிவிட்டு, அதற்கும் பல இலட்சம் டொலர் கட்டினோம். அடுத்த வருடம் யூரியா மூடைக்கு அரசாங்க விலையே 10,000 ரூபா.

இதில் தோற்றது எது? சேதனப் பசளை அல்ல, அந்தக் கணக்கு. யூரியாவில் 100க்கு 46 பங்கு நைதரசன். கூட்டெருவில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. 50 கிலோ மூடை ஒன்றில் இருக்கும் நைதரசனைக் கூட்டெருவால் கொடுக்க ஒரு தொன்னுக்கு மேல் வேண்டும். நம் பக்கத்தில் அவ்வளவு மாடு எங்கே, சாணம் எங்கே? ஆறாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்கு இது. ஆகவே யூரியாவை நஞ்சு என்று சொல்கிறவர்கள், அந்த நெல்லை யார் விளைவிப்பது என்றும் சொல்லிவிட்டுப் போகட்டும்.

அதற்காக யூரியாவை அள்ளி வீசுகிறவர்களோடும் நாங்கள் இல்லை. நம்முடையது மலைச் சரிவு, அமில மண், அடித்து ஊற்றும் மழை. காலையில் போட்டுப் பின்னேரம் மழை பெய்தால் காசு கரைந்து ஓடுகிறது. வயலுக்குப் போடும் நைதரசனில் பாதி கூடப் பயிருக்குச் சேர்வதில்லை. மிச்சம் காற்றில் போகிறது, ஓடையில் இறங்கி மகாவலிக்குப் போகிறது. கட்டுகஸ்தோட்டையில் அதே மகாவலித் தண்ணீரைச் சுத்திகரித்துத்தான் நமக்குக் குழாயில் தருகிறார்கள்.

கரியின் வேலை இங்கேதான். காற்று அதிகம் படாமல் கருக்கிய உமியில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் பொந்துகள். யூரியா மண்ணில் அமோனியமாக மாறும்போது கரி அதைப் பிடித்து வைத்துப் பயிருக்கு மெல்ல விடுகிறது. அமிலத்தையும் கொஞ்சம் தணிக்கிறது. 2017 இல் உலகம் முழுவதிலும் நடந்த பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு, வெப்ப நாடுகளில் சராசரியாக 25 சதவீதம் விளைச்சல் கூடியதாகச் சொன்னது. குளிர் நாடுகளில் பலன் இல்லை. அவர்களுடைய மண் ஏற்கனவே கொழுத்த மண். நம்முடையதுதான் பசித்த மண்.

கரி மட்டும் போட்டால் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள், நாங்களே போட்டுப் பார்த்தோம். முதல் தடவை வெறும் கரியை மிளகாய்ப் பாத்தியில் கொட்டினோம். இரண்டு கிழமையில் கன்றுகள் மஞ்சளாகிவிட்டன. பிள்ளைகள் சிரித்தார்கள். கரியில் நைதரசன் இல்லை, புதுக் கரி மண்ணில் இருப்பதையும் இழுத்துக்கொள்ளும் என்பது பிறகுதான் புரிந்தது. அடுத்த தடவை கூட்டெருவோடும் கொஞ்சம் யூரியா கரைத்த தண்ணீரோடும் பிசைந்து இரண்டு கிழமை ஊறவிட்டுப் போட்டோம். கன்றுகள் பச்சை பிடித்தன. மண்ணுக்குள் புதைக்கவும் வேண்டும். உமிக்கரி காரத்தன்மை உள்ளது, மேலே கிடந்தால் யூரியா வாடையாகக் காற்றில் போய்விடும்.

இது ஒன்றும் வெளிநாட்டு வித்தையல்ல. நம் வாப்பாமார் பல் தீட்டிய அதே உமிக்கரிதான். நாற்று மேடைக்கு உமிக்கரி போடுவதும் இந்த நாட்டில் புதிதல்ல. ஆனால் 100 கிலோ நெல் குற்றினால் கிட்டத்தட்ட 20 கிலோ உமி வருகிறது. அதை என்ன செய்கிறோம்? வீதியோரம் குவித்துச் சாம்பலாகும் வரை கொளுத்துகிறோம். அந்தப் புகையில் பள்ளிக்குப் போகிறவர்கள் இருமிக்கொண்டு போகிறார்கள். வுளூ செய்யும்போது தண்ணீரை வீணாக்காதே என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். உமிக் குவியலைக் கடக்கும்போது மட்டும் அந்தப் பாடம் நமக்கு ஞாபகம் வருவதில்லை.

கடைகளில் "இயற்கைத் திரவம்" என்று போத்தல் விற்கிறவர்களைப் பற்றி இன்னொரு நாள் எழுதுவோம். உள்ளே எத்தனை வீதம் நைதரசன் என்று கேட்டுப் பாருங்கள், பேச்சை மாற்றுவார்கள்.

யூரியாவை எவ்வளவு குறைக்கலாம் என்று எங்களிடம் கேட்காதீர்கள். அது உங்கள் மண்ணைப் பொறுத்தது. மண்ணைப் பரிசோதித்து, கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். ஒரேயடியாகப் பாதியாக்கிவிட்டு எங்களைத் திட்ட வேண்டாம். ஒரு பாத்தியில் கரியும் யூரியாவும், பக்கத்துப் பாத்தியில் யூரியா மட்டும் போட்டு நீங்களே நிறுத்துப் பாருங்கள்.

சனிக்கிழமை அஸருக்குப் பிறகு பாடசாலை மைதானத்தில் செய்து காட்டுகிறோம். துளையிட்ட தகர டின்னுக்குள் நெருப்பு, சுற்றிவர உமி. கறுத்ததும் கிளறித் தண்ணீர் தெளித்து அணைக்க வேண்டும், சாம்பலாக விட்டால் கரி போச்சு. குழுமத்தில் சண்டை போட்ட இருவரும் கட்டாயம் வாருங்கள், தேநீர் எங்கள் செலவு. மில் முதலாளிமாரே, அந்தப் பத்து மூடையை இன்னும் காணவில்லை.