மூன்று மதிப்பெண்ணும் ஒரு தட்டு பாஸ்தாவும்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. ஊட்டியிலிருந்து பள்ளிப் பேருந்து நம் ஊரான எமரால்டுக்கு வந்து சேர்ந்தபோது மூடுபனி இறங்கித் தெருவிளக்கு எரியத் தொடங்கியிருந்தது. எட்டாவது படிக்கும் மகள் ஷூவைக்கூடக் கழற்றாமல் கணக்குத் தாளை நீட்டினாள். 92. தொண்ணூற்றைந்து வாங்கினால் பாஸ்தா செய்து தருகிறேன் என்று நான் சொல்லியிருந்தேன். "இன்னும் மூணு மார்க் வந்திருக்கலாமே" என்றேன். அன்று இரவு சோறும் பீன்ஸ் பொரியலும்தான். வாங்கி வைத்த பாஸ்தா பாக்கெட் அலமாரியிலேயே இருந்தது. அவள் ஒன்றும் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனாள். தம்பிதான் கேட்டான்: "அக்காவுக்கு மார்க் குறைஞ்சா எனக்கும் பாஸ்தா கிடையாதா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. உங்கள் பிள்ளை கேட்டிருந்தால் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்?

பாஸ்தாவைப் பரிசாக வைக்கும் நாம் காயை மட்டும் திணிக்கிறோம். காய்க்குப் பஞ்சமான ஊரா நம் ஊர்? கேரட், பீட்ரூட், கோஸ், நூல்கோல், பட்டாணி, பூண்டு எல்லாம் நம் கண்முன்னே விளைகிறது. கேரட்டைக் கழுவி, தரம் பிரித்து, மூட்டை கட்டி மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்புகிறோம். பிளந்ததும் கோணலானதும் வீட்டுக்கு வரும். ருசியில் அதற்கு ஒரு குறையும் இல்லை. மண்ணோடு பிடுங்கி, பாவாடையில் துடைத்துவிட்டு அப்படியே கடித்துத் தின்று வளர்ந்தவர்கள்தானே நாம்? நம் பிள்ளைகள் மட்டும் ஏன் அதைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைக்கிறார்கள்?

இரவு எட்டு மணிக்கு நம் வீடுகளில் கேட்கும் பேச்சைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். "கேரட்டை முடி, அப்புறம்தான் போன்." "பீட்ரூட் தின்னாத்தான் ரத்தம் ஊறும், பரீட்சைக்குத் தெம்பு வரும்." "இதைச் சாப்பிடு, கண்ணாடி போட வேண்டியிருக்காது." டியூஷன் முடிந்து, வீட்டுப்பாடம் பாதியில் நிற்க, தூக்கக் கலக்கத்தோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குச் சாப்பாட்டுத் தட்டும் இன்னொரு பரீட்சையாகிவிடுகிறது. கேரட்டைப் பற்றி நாம் சொல்வது முழு உண்மையும் இல்லை. அதிலுள்ள பீட்டா கரோட்டினை உடம்பு வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்கிறது. அந்தச் சத்துக் குறைந்தால் மாலைக்கண் வரும். கிட்டப்பார்வைக்குப் போட்ட கண்ணாடியை எந்தக் கேரட்டும் கழற்றாது. இது தெரிந்தும் நானே பலமுறை அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

லியான் பர்ச் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடன் பணிபுரிந்தவர்களும் 1984-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பானத்தைக் குடித்தால் பரிசு உண்டு என்று சிறு பிள்ளைகளிடம் சொல்லிக் குடிக்க வைத்தார்கள். பிள்ளைகள் குடித்தார்கள். ஆனால் அந்தப் பானத்தின் மேல் முன்பிருந்த விருப்பம் குறைந்துபோயிற்று. காயைத் தின்றால் போன், மார்க் வாங்கினால் பாஸ்தா என்று நாம் தினமும் செய்வதும் இதுதானே? காய் என்றால் தண்டனை, பாஸ்தா என்றால் பரிசு என்று அவர்கள் மனதில் எழுதியது யார்?

நிபந்தனையே இல்லாமல் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடும் இடமும் உண்டு. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. அதன் உணவுப் பட்டியலில் தொடக்கத்தில் சேமியா உப்புமாவும் காய்கறி சாம்பாரும் இருந்தன. பாஸ்தா என்று நாம் பெரிதாகப் பேசுவதற்கும் சேமியாவுக்கும் என்ன பெரிய வித்தியாசம்? இரண்டும் கோதுமையைப் பிசைந்து, வடிவம் கொடுத்துக் காயவைத்ததுதான். ஆனால் நேற்று எத்தனை மார்க் என்று கேட்டுவிட்டு அந்தப் பள்ளிகளில் யாரும் தட்டில் போடுவதில்லை. பெற்ற நான் கேட்டேன்.

பாஸ்தா செய்யாத அந்த வெள்ளிக்கு மறுநாள், சனிக்கிழமை, அலமாரியில் இருந்த பாக்கெட்டை எடுத்தேன். நான் வாங்கியது ரவையில் செய்தது. கடையில் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். சேர்மானப் பட்டியலில் முதல் பெயராக மைதா இருந்தால் அங்கேயே வைத்துவிடுங்கள். மசாலாப் பொட்டலம் சேர்ந்து வந்தால் அதில் உப்பு அதிகம், அதைப் போட வேண்டாம். நான்கு பேருக்குக் கால் கிலோ பாஸ்தா, அரை கிலோ காய். பாஸ்தாவை விடக் காய் இரண்டு மடங்கு இருக்கட்டும்.

மகன் பட்டாணி உரிக்க உட்கார்ந்தான். வேகவைத்த பட்டாணியைத் தொடவே மாட்டான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். ஒவ்வொரு காயையும் கட்டை விரலால் பிளந்து, "இதுல ஒன்பது இருக்கும்மா, இதுல அஞ்சுதான்" என்று எண்ணிக்கொண்டே பாதியைப் பச்சையாகத் தின்றுவிட்டான். நான் வாயைத் திறக்கவில்லை. அது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று உங்களுக்குப் புரியும்.

பட்டர் பீன்ஸை முதலில் குக்கரில் வேகவைத்துக்கொண்டோம். அதில் புரதம் உண்டு. எண்ணெயில் பூண்டைத் தட்டிப் போட்டு, வெங்காயம், தக்காளி, அதன் பிறகு மெல்லியதாக நறுக்கிய கேரட். கேரட்டின் சத்து உடம்பில் சேர எண்ணெயும் வேண்டும், அதனால் வதக்குவது நல்லது. பாஸ்தா முக்கால் வேக்காடு வந்ததும் பட்டாணியையும் அதே தண்ணீரில் போட்டு, வடித்து, வேகவைத்த தண்ணீரில் ஒரு கரண்டியோடு வாணலியில் சேர்த்தோம். மேலே மிளகுத்தூள். அவ்வளவுதான்.

பாக்கெட்டில் எட்டு நிமிடம் என்று போட்டிருந்தது. எட்டு நிமிடத்தில் மகள் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்து, "நடுவுல இன்னும் மாவா இருக்கும்மா" என்றாள். நாம் இருப்பது கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்தில். இங்கே தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுகிறது. அதனால்தான் கூடுதல் நேரம் பிடிக்கிறது என்று அவளே தம்பிக்கு விளக்கினாள். அறிவியல் புத்தகத்தில் படித்ததாம். எத்தனை மார்க் கேள்வி என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

அன்றும் தம்பி கேரட்டில் நான்கு துண்டை ஒதுக்கினான். ஒதுக்கட்டும். ஒரு காய் பிள்ளையின் நாக்குக்குப் பழகப் பத்துத் தடவைகூட ஆகலாம். அதுவரை மிரட்டாமல், பேரம் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து நாமும் அதையே சாப்பிட முடியாதா? விடியற்காலையில் எழுந்து பெட்டி கட்டி, தோட்டத்துக்கும் வேலைக்கும் ஓடி, அவர்கள் நன்றாக இருக்க வேண்டும் என்றுதானே இவ்வளவும் செய்கிறோம்?

அடுத்த கணக்குத் தேர்வு புதன்கிழமை முடிந்தது. தாள் இன்னும் வரவில்லை. இந்தச் சனிக்கிழமைக்கு என்ன காய் என்று மகளிடம் கேட்டிருக்கிறேன். தோட்டத்தில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறாள்.